அதே இடத்தில் தப்பு

“அங்கிள், மறுபடியும் அதே இடத்துல தப்பு!”

முன்வரிசை வாண்டு ஒன்று கத்தியதும் மொத்த வகுப்பும் சிரித்தது. இரண்டு கையிலும் குச்சியைப் பிடித்தபடி உதயாவும் சிரித்துவைத்தான். பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் மீசை வைத்தவன் அவன் ஒருவன்தான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் தன் வீட்டு ஹாலிலேயே ஸ்நேகா குழந்தைகளுக்குக் கிளாக்கன்ஷ்பீல் சொல்லிக்கொடுத்தாள். பெயர்தான் பல்லை உடைக்கும், வாசிப்பது சுலபம். வரிசையாக எட்டு எஃகுப் பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு கலர். பாட்டுத் தாளிலும் அதே கலர்களில் பொட்டுகள். பொட்டைப் பார்த்துப் பட்டையைத் தட்டினால் டிங் டிங் என்று பாட்டு வந்துவிடும். யு.கே.ஜி. குழந்தைகூட ஒரு வாரத்தில் வாசித்துவிடும்.

எதிர்வீட்டு உதயாவுக்கு ஒரு மாதமாகியும் வரவில்லை.

அவன் சங்கீத ஆசையில் வரவில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஸ்நேகாவுக்கும் அவனைப் பிடிக்கும். அப்பாதான் முட்டுக்கட்டை. வேலையில்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். நல்லவேளை, உதயா ரயில் ஓட்டும் லோகோ பைலட் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்துவிட்டான். திங்கட்கிழமை மெடிக்கல். அது முடிந்தால் ஆர்டர். ஆர்டர் வந்தால் கல்யாணப் பேச்சு.

குழந்தைகள் கிளம்பிப் போனதும் ஸ்நேகாவின் அம்மா லோகநாயகி ஒரு பையோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

“ஏம்ப்பா, தாம்பரம் மார்க்கெட் போறியேன்னு தக்காளி வாங்கச் சொன்னா, பாதிக்குப் பாதி காயா வாங்கிட்டு வந்திருக்கியே! பழமா பார்த்துப் பொறுக்கத் தெரியாதா?”

“பார்த்துதான் ஆன்ட்டி பொறுக்கினேன். கடைக்காரன் மாத்திட்டான் போல.”

“அவன் ஒண்ணும் மாத்தல. உன் கவனம் எங்க இருந்துதுன்னு எனக்குத் தெரியாதா? சரி, திங்கட்கிழமையாவது ஒழுங்கா இரு. மெடிக்கலுக்கு உடம்பெல்லாம் சரியா இருக்கா?”

“பி.பி. இல்ல, ஷுகர் இல்ல. இன்னிவரைக்கும் கண்ணாடிகூடப் போட்டதில்ல ஆன்ட்டி. சும்மா ஃபார்மாலிட்டிதான்.”

காபி எடுக்க உள்ளே வந்த மகளின் காதைக் கடித்தாள் லோகநாயகி. “அவன் வேணும்னேதான்டி தப்பு பண்றான். பாட்டு வந்துட்டா நாளைக்கு இங்க வர சாக்கு ஏது?”

ஸ்நேகாவுக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்று மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. நடிக்கிறவன் இடத்தை மாற்றி மாற்றி அல்லவா தப்பு பண்ணுவான்? இவன் மற்ற ஆறு பட்டைகளையும் பிசகாமல் தட்டுகிறான். அந்த இரண்டில் மட்டும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தட்டுகிறான். நாக்கைக் கடித்துக்கொள்கிறான். மறுநாள் திரும்பவும் அதே கதை.

இன்றைக்குக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தாள். காபியை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் முன்னால் இருந்த பாட்டுத் தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“தாள் வேண்டாம். நான் ஒவ்வொரு வரியா வாசிக்கறேன். அப்படியே திருப்பி வாசிங்க.”

“பார்க்காமலா? பார்த்தே வரலை!”

“வாசிங்க சொல்றேன்.”

அவள் ஒரு வரி வாசித்தாள். அவன் திருப்பி வாசித்தான். இரண்டாவது வரி. மூன்றாவது. கடைசி வரி. ஒரு இடம் பிசகவில்லை. 

“ஆக, ஒரு மாசமா நல்லா நடிச்சிருக்கீங்க!” ஸ்நேகா குச்சியாலேயே அவன் கையில் செல்லமாகத் தட்டினாள். “அம்மா, நீ சொன்னது சரிதான்மா!”

“நான் சொல்லல?” என்று உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. “மெடிக்கல் முடிஞ்ச கையோட அப்பாகிட்ட நானே பேசறேன். அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை இங்க வர பாட்டுக் கிளாஸெல்லாம் வேண்டாம்.”

உதயாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

“சத்தியமா நடிக்கல ஸ்நேகா. முதல் நாளே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். சின்னப் பசங்க நடுவுல கேக்க வெக்கமா இருந்துது. இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியலையான்னு சிரிப்பாங்களேன்னு விட்டுட்டேன்.”

“இப்பதான் யாரும் இல்லையே. கேளுங்க.”

அவன் தாளை நிமிர்த்தி வைத்தான். முதல் வரியில் ஒரு பொட்டின்மேல் விரலை வைத்தான். பிறகு அதே வரியில் இன்னொன்றின்மேல் வைத்தான்.

“இதுக்கு ஒரு பட்டை, அதுக்கு வேற பட்டைன்னு சொல்றீங்க. அப்படின்னா ரெண்டுக்கும் ஏன் ஒரே கலர் கொடுத்திருக்கீங்க?”

ஸ்நேகா குனிந்து அவன் விரல் வைத்த இடங்களைப் பார்த்தாள். சிக்னல் பார்த்து ரயில் ஓட்டப் போகிறவன் ஒரே கலர் என்று காட்டிய அந்தப் பொட்டுகளில் ஒன்று சிவப்பு, இன்னொன்று பச்சை.