இசைத்தட்டில் ஒரு பெயர்

பேசும்படம் வந்த புதிதில் பொன்னுரங்கம் ஒன்பது படங்களுக்குப் பாட்டெழுதினார். ஓர் இசைத்தட்டிலும் அவர் பெயரைப் போடவில்லை. பத்தாவது படத்துக்கு ஒரு தாலாட்டு கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் சாகக்கிடந்த மகளுக்கு மனைவி தாயாரம்மாள் பாடிய வரிகளை, அவளிடம் சொல்லாமலே எழுதிக் கொடுத்தார். படத்தில் அதைப் பெண்வேடம் போட்ட நடிகர் கோதண்டம், தொட்டிலில் ஒரு பூசணிக்காயைக் கிடத்தி ஆட்டிக்கொண்டே பாடினார். கொட்டகையே சிரித்துப் புரண்டது.

ஒரு மாலை எதிர்வீட்டு கிராமபோனில் அந்தப் பாட்டு கேட்டது. தாயாரம்மாள் ஈரக் கையோடு ஓடிப்போய் இசைத்தட்டைப் பிடுங்கிவந்து கணவர் முன் நீட்டினாள்.

“ஆஸ்பத்திரியில என் புள்ளைக்கு நான் பாடினது இது. எந்தப் பாவி ஒட்டுக்கேட்டு எழுதினான்? பேரு போட்டிருக்கான்னு படிச்சுச் சொல்லுங்க.”

அவளுக்கு எழுத்து தெரியாது. தட்டின் நடுவே, கோதண்டத்தின் பெயருக்குக் கீழே, ‘பாட்டு: பொன்னுரங்கம்’ என்று முதன்முறையாக அச்சாகியிருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“பாடினவன் பேருதான் இருக்கு” என்றார். “எழுதினவன் பேரு போடல.”

தாயாரம்மாள் தெருவில் இறங்கினாள். பெயர் தெரியாத அந்த ஆளைச் சபித்து, இரண்டு கைகளாலும் மண்ணை வாரித் தூற்றினாள்.