அந்தோனியார் பெட்டிக்குள் தூண்டில்

மத்தியானம் இரண்டு மணிக்கு, ஆளில்லாத குருசடிக் கோயிலில், சகாயசெல்வி அந்தோனியாரின் விண்ணப்பப் பெட்டிக்குள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நரம்பும் முள்ளும் புருசனுடையவை. கேட்காமல் எடுத்து வந்தது.

பெட்டியை வருடத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். நாளைக்குத் திருநாள். பூசை முடிந்ததும் சீட்டுகளை மொத்தமாக அள்ளி எரித்துவிடுவார்கள். புகை மேலே போனால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

அதற்குள் அவள் போட்டது வெளியே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மகள் பெபிஷாவின் நாலு வருட ஆராய்ச்சி பாழ்.

முதலில் மாட்டியது யாருடைய மகனுக்கோ கத்தார் விசா. இரண்டாவது, நாத்தனாருக்குக் கொஞ்சம் புத்தி. அது யார் எழுத்து என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சீ, நமக்கெதற்கு என்று இரண்டையும் மடித்துத் திரும்ப உள்ளே போட்டாள்.

காலையில்தான் பெபிஷா புனேயிலிருந்து போனில் அழுதிருந்தாள். தேடுவது கிடைக்கிற வழியாயில்லை, உதவித்தொகையும் முடியப்போகிறது, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடப் போகிறேன் என்றாள். இராஜாக்கமங்கலம் சந்தையில் மீன் சருவத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள் சகாயசெல்வி.

"என்னட்டி செய்யிய? காணிக்கைப் பெட்டியிலயா கை வைக்கிய?"

கோயில் சாவியெல்லாம் வைத்திருக்கிற உபதேசியார் ஜான்ரோஸ் வாசலில் நின்றார்.

தூண்டிலை மறைக்க நேரமில்லை. வாய்தான் மிச்சம்.

"உபதேசியாரே, சீட்டுல தப்பா எழுதிப் போட்டேன். அது எரிஞ்சு மேல போச்சுண்ணா உலகமே இருக்காது, கேட்டியளா."

பிறகு, மகள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டாள். ஆதியில் பொருள் ஒரு பாதி, அதற்கு நேர் எதிரான பொருள் ஒரு பாதி. ஒன்றையொன்று தொட்டால் இரண்டுமே வெளிச்சமாகிப் போய்விடும். அப்படித்தான் எல்லாம் போயிற்று. நூறு கோடி சோடிக்கு ஒன்று மட்டும், சாளை விற்கும்போது மேலே ஒன்று போடுவோமே, அதுமாதிரி கொசுறாக மிஞ்சியது. கடல், மீன், ஆயர், உபதேசியார் எல்லாம் அந்தக் கொசுறுதான்.

ஏன் மிஞ்சியது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அந்தச் சமயத்தில் கிளம்பிய ஈர்ப்பலை இன்னும் வந்துகொண்டிருக்கலாம், அதைப் பிடித்தால் துப்புக் கிடைக்கும். பெபிஷா தேடுவது அதைத்தான். பிப்ரவரியில் ஓர் ஈர்ப்பலையைப் பிடித்துவிட்டதாகப் பேப்பரில் வந்ததே, அது வெறும் நூற்று முப்பது கோடி வருசத்து அலை. இதோடு பார்த்தால் நேற்றுப் பிறந்தது.

சகாயசெல்வியோ அவசரத்தில், காணாமல் போன எதிர்ப்பாதியைக் கண்டுபிடித்துத் தாரும் என்று எழுதிவிட்டாளாம். அந்தோனியார் காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறவர். கொடுத்துத் தொலைத்தால்?

ஜான்ரோஸ் வாசல் வழியே கடலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அது இருந்தது. இருபது வருடமாக அந்தோனியாரின் வேகத்தைக் கண்ணால் கண்டவர் அவர். வாதாடாமல் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

பெட்டி திறந்ததும் சகாயசெல்வி மளமளவென்று பொறுக்கினாள். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. எடுத்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒரு சீட்டுண்ணுல்லா நெனச்சேன்?"

"செவ்வாக்கிழமைக்கு ஒண்ணு" என்றாள், தலை நிமிராமல்.

ஒரு சீட்டு நழுவி அவர் காலடியில் விழுந்தது. அவள் பாய்வதற்குள் எடுத்துப் பிரித்துவிட்டார். வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உபதேசியார் வேட்டியை மடக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் குத்தவைத்து, அதே கையெழுத்தைத் தேடித் தேடிப் பொறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்தச் சீட்டில் இப்படி எழுதியிருந்தது:

"அந்தோனியாரே, எனக்க பிள்ளை தேடுறது கிடைக்கப்பிடாது. கிடைச்சா அவ அங்கேயே இருந்துருவா. வெறுங்கையோட ஆனாலும் வீட்டுக்கு அனுப்பி வையும்."