தமிழில் பேசியவள்

விளக்குகள் அணைந்ததும் செய்யது அபுதாஹிர் திரையை விட்டு மைக் இருந்த பக்கம் திரும்பினார்.

விருதுநகரில் முதன்முதலாக ஒரு சர்வதேசத் திரைப்பட விழா. பெரிய கம்பெனிகளை நம்பாமல் தனியாட்கள் எடுத்த படங்கள் மட்டும். திரைப்படக் கழகச் செயலாளர் சங்கரலிங்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, மணமேடையில் திரை கட்டியிருந்தார். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு வேலைக்கு ஆள் ஏற்றும் வேன்களில் அன்று சனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருந்தார்கள்.

தொடக்கப் படம் ஈரானிலிருந்து வந்தது. அடியில் ஓடும் ஆங்கிலம் இந்தக் கூட்டத்துக்கு உதவாது. படம் ஓட ஓட, இருட்டில் புரொஜக்டர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாருடைய வசனத்தையும் மைக்கில் தமிழாகப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வசனத்தைத் தமிழில் எழுதியது அபுதாஹிரின் மகள் மஹ்ரீன். ஆங்கில இலக்கியம் படித்தவள். பேசுவதும் தானே என்று அவள் நின்றபோது, அவர் வேண்டாம் என்று மனைவி சித்திகாவைத் தூது விட்டார். மகள் கேட்கவில்லை.

மிளகாய் வத்தல் மண்டியில் எந்தப் பேரத்துக்கும் அசையாத மனிதர், இப்போது கடைசி வரிசையில் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

திரையில் ஒரு கிழவர், வேலை முடிந்து வந்த மகளுக்குக் கதவைத் திறந்தார்.

“வா தாயி. ஏன் இம்புட்டு நேரம்? கஞ்சியாச்சும் குடிச்சியா?”

மண்டபம் சிரித்தது. ஈரானியக் கிழவர் சாத்தூர்க்காரர் ஆகிவிட்டார்.

அதன் பிறகு அவர் சண்டை போட்டார், கெஞ்சினார், மகளிடம் தோற்றார். எல்லாம் மஹ்ரீனின் ஒரே குரல்தான். முன்வரிசையில் ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தே கிழவருக்கு ஆறுதல் சொன்னாள்.

அபுதாஹிர் படத்தைப் பார்க்கவே இல்லை. குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அது எங்கேயும் நிற்கவில்லை.

விளக்குகள் எரிந்தபோது கைதட்டல் ஓயாமல் எழுந்தது. தெஹ்ரானிலிருந்து வந்திருந்த இயக்குநர் மேடையேறி, தன் ஆட்களைத் தமிழ் பேச வைத்தது யார் என்று கேட்டார்.

மஹ்ரீன் மேடைக்கு வந்தாள். அவர் மைக்கைக் கொடுத்து, உன் பெயரைச் சொல் என்றார்.

சங்கரலிங்கம் பதறி மைக்கை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“ம... ம...”

கூட்டம் புரியாமல் பார்த்தது.

பேசத் தொடங்கிய நாளிலிருந்தே மஹ்ரீனுக்குத் திக்குவாய். அடுத்தவர் பேச்சைப் பேசினால் திக்காது என்று அவள் சொன்னதை அபுதாஹிர் நம்பியதில்லை. இன்றைக்குத்தான் காதால் கேட்டார். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், யார் அவள் பெயரைக் கேட்டாலும் அவர்தான் முந்திக்கொண்டு சொல்வார்.

இப்போதும் பாதி எழுந்துவிட்டார். பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பிறகு உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. குழந்தைகள்கூட.

“ம... மஹ்ரீன்.”

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. ஆனால் அவள் மைக்கை இறக்கவில்லை. கூட்டம் மறுபடி அடங்கியது.

“செ... செ...”

அது யாருடைய பெயர் என்று செய்யது அபுதாஹிருக்குத் தெரிந்தது. அவசரம் இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து அவரும் அதற்காகக் காத்திருந்தார்.