முன்கூட்டி ஏற்றிய மெழுகுவத்தி

கார்மினே மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, சபாத்தினோவின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று முணுமுணுத்தான். நேப்பிள்ஸ் நகரத்துச் சந்தை மாதா கோயிலில் அந்த வரிசையில் ஏற்றுவதெல்லாம் செத்தவர்களுக்குத்தான். சபாத்தினோ அந்த நேரம் வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தான். அவன் பதினொரு மணிப் பூசைக்கு வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

உலகப் போர் முடிந்ததிலிருந்து இந்த ஏழு வருடமாக இருவருக்கும் ஒரே சண்டை. தெற்கிலிருந்து வரும் தக்காளி லாரி யார் காட்டுகிற இடத்தில் நிற்பது என்பதுதான் அது. லாரியை நிறுத்துகிறவன் கையில் சந்தை, சந்தை யார் கையிலோ அவன் கையில் ஊர். போன மாதம் அந்தச் சண்டையில், கார்மினேயின் தம்பி அனியெல்லோவைச் சபாத்தினோவின் ஆட்கள் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் சுட்டுப் போட்டார்கள். பத்தொன்பது வயதுப் பையன். அவனுக்கும் தக்காளிக்கும் என்ன சம்பந்தம்?

அன்றிலிருந்து கார்மினேக்குப் பழி ஒன்றுதான் நினைப்பு. வியாழக்கிழமை சந்தை நடுவில் நின்று, ஞாயிறு பூசைக்கு வரும் சபாத்தினோ கோயில் வாசற்படி தாண்டமாட்டான் என்று கத்தினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எதிரிக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தாகிவிட்டது. சபாத்தினோவும் லேசுப்பட்டவன் இல்லை, வராமல் இருந்தால் கீரைக்காரிகள்கூடச் சிரிப்பார்கள் என்பதற்காகவே வருவான்.

கார்மினேயின் கோபத்துக்கு ஊரே பயப்படும். தன் கூட்டத்தின் முதல் ஆளையே போன வருடம் விரட்டியடித்தவன் அவன். அந்த ஆள் செய்த குற்றம், ஞானஸ்நானத்தில் தன் பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானத்தகப்பனாக நின்றவனை ஓர் அறை அறைந்தது. பெற்ற தகப்பனும் ஞானத்தகப்பனும் அந்த ஊரில் ஒருவருக்கொருவர் கொம்பாரே. கூடப்பிறந்த ரத்தத்துக்கும் அது ஒரு படி மேல். “கொம்பாரே மேல கை வச்சவன் என்கூட ஒரே மேசையில உக்காரக் கூடாது” என்று எல்லார் முன்னாலும் சொல்லித்தான் அனுப்பினான்.

கோயிலுக்குள் சுட்டால் பாவம், வாசற்படியில் சுட்டால் பாவமில்லை என்று கார்மினே தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். அதனால் ஞானஸ்நானத் தொட்டியின் அருகில் போய் நின்றான். அங்கிருந்து வாசல் நேர் எதிரே தெரியும். வலது கை கோட்டுக்குள் தயாராக இருந்தது.

தொட்டியருகே கறுப்பு முக்காடு போட்ட ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவர் வரவில்லையாம். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இனித் தள்ளிப்போட முடியாதாம். அவருக்குப் பதிலாக அண்ணன் கொஞ்சம் நிற்க வேண்டுமாம்.

“வேற யாரையாவது பாரும்மா.”

“கேட்டு, மாட்டேன்னு சொல்லிட்டா பிள்ளை தங்காதும்பாங்க, அண்ணே.”

அந்தப் பேச்சுக்கு நேப்பிள்ஸில் மறுபேச்சு கிடையாது. கார்மினே பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. அடுத்தவன் பெண்டாட்டியை ஏறிட்டுப் பார்க்கிறவனை அவர்கள் தொழிலில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள்.

அவள் குழந்தையை அவனுடைய வலது கையில் கொடுத்தாள். கோட்டுக்குள் இருந்த கை வெளியே வர வேண்டியதாயிற்று. அவன் பிள்ளையை இடது பக்கம் மாற்றப் போனபோது அவள் தடுத்தாள்.

“அந்தக் கையிலயே இருக்கட்டும்ணே. மாத்தினா முழிச்சுக்குவான்.”

“இவன் அப்பன் எங்க?”

“வந்துடுவாரு. கொஞ்சம் வேலை.”

“பெத்த பிள்ளை ஞானஸ்நானத்தைவிட அவனுக்கு அப்படியென்ன வேலை?” என்றான் கார்மினே எரிச்சலோடு. அவள் பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள்.

சாமியார் அவசரமாக வந்து, அவசரமாக ஜெபம் சொல்லி, பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். ஞானத்தகப்பனே சொல்லட்டும் என்றாள் அவள். கார்மினே இதை எதிர்பார்க்கவில்லை. வாயில் வேறு எந்தப் பெயரும் வரவில்லை.

“அனியெல்லோ” என்றான்.

அவள் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, அப்படியே இருக்கட்டும் என்று மெல்லச் சொன்னாள்.

சாமியார் அந்தப் பெயரைச் சொல்லித் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். பிள்ளை வீறிட்டு அழுது, கார்மினேயின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. தம்பியைப் புதைத்த அன்றுகூட அழாதவனுக்கு இப்போது கண் கலங்கியது. தன் மேலேயே கோபம் வந்தது. உள்ளே அவன் ஏற்றிய மெழுகுவத்தி பாதி எரிந்திருந்தது.

மணி பதினொன்று அடித்தது. கதவு திறந்தது. வாசற்படியில் சபாத்தினோ தொப்பியைக் கழற்றியபடி தனியாக நின்றான்.

கார்மினே குழந்தையைச் சட்டென்று இடது கைக்கு மாற்றினான். வலது கை கோட்டுக்குள் போய்த் துப்பாக்கியைத் தொட்டது. முக்காட்டுக்காரி நகரவில்லை. வாசலை மறைத்து நின்று, அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த அனியெல்லோவுக்கு அவருதான் அப்பா, கொம்பாரே.”