தாமரைக் குளம் பார்க்கப் போன நத்தை

பழைய ஜமீன் மாளிகை ஒன்று. அதன் வாசலில் ரோட்டைப் பார்த்தபடி ஒரு கல் சிங்கம். தோட்டம் அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஒரு நாள் நத்தை ஒன்று வந்தது.

"சிங்கத்தாரே, உள்ளே என்ன பார்க்கலாம்?"

"தாமரைக் குளம். அத்தனையும் வெள்ளைத் தாமரை. நூறு வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

"தாமரை இலைமேல் ஒரு தடவை ஊர்ந்துவிட வேண்டும். அதற்குத்தான் வந்தேன்."

சிங்கம் சிரித்தது. "நீயா? நீ போய்ச் சேருவதற்குள் குளமே வற்றிவிடும். பேசாமல் இந்த மதிலில் ஊர்ந்துவிட்டுப் போ."

"வழியை மட்டும் சொல்லும்."

"நேரே போ."

நத்தை போனது. சரளைக்கல் வயிற்றைக் கீறியது. வெயில் ஏறினால் ஓட்டுக்குள் சுருண்டது, இறங்கினால் நகர்ந்தது.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது.

"என்ன, பாதியிலேயே திரும்பிவிட்டாயா?"

"போய்ச் சேர்ந்தேன். குளத்தை எப்போதோ தூர்த்துக் கத்தரி போட்டுவிட்டார்கள்."

"பொய்! நான் நூறு வருஷமாக..."

"வந்ததற்குச் சும்மா திரும்புவேனா? கத்தரி இலைமேல் ஊர்ந்தேன். முள் குத்தியது. இதோ பாரும்."

சிங்கம் பார்த்தது.

அந்த நேரம் தவளை ஒன்று தாவி வந்தது. "ஐயா, உள்ளே என்ன பார்க்கலாம்?"

"தாமரைக்..." என்று ஆரம்பித்த சிங்கம் நிறுத்திக்கொண்டது. குனிய முடியாது, கல். குரலை மட்டும் தாழ்த்தி நத்தையிடம் கேட்டது:

"கத்தரிப்பூ என்ன நிறம்?"