முன் சீட்டில் பில்ட்டர்

முன் சீட்டில் தண்ணீர் பில்ட்டர். பின் சீட்டில் முதலாளி. அப்படித்தான் அந்த ஜீப் ஜவ்வாது மலை ஏறும்.

முக்தார் அகமதுக்கு வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழில். அதற்கு வேண்டிய கடுக்காயை வாங்க, ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஜீப்பில் அவரே மலைக்குக் கிளம்பிவிடுவார்.

"மலைத்தண்ணி என் வயித்துக்கு ஆவாது" என்று ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு பில்ட்டர் வாங்குவார். எதுவும் அவருக்குப் பிடிக்காது. போன ஊரிலேயே திட்டி, விட்டுவிட்டு வருவார்.

டிரைவர் மஜீதுக்கு வயிறு எரியும். 'அல்லா பணத்தைக் குடுத்தான், புத்தியைக் குடுக்கலையே!'

அன்று ஆலங்காயம் தாண்டியதும் கருப்பன் கையைக் காட்டினான். மலைமேல் உள்ள ஊர்க்காரன். சந்தைக்கு வந்து திரும்புகிறவன்.

"சாயபு, என்னையும் ஏத்திக்கினு போங்க."

பின்னால் முதலாளியும் கோணிக் கட்டும். இடமில்லை.

"மொதலாளி, பில்ட்டர மடியில வெச்சுக்குங்க. அவர் முன்னால குந்தட்டும்" என்றான் மஜீத்.

"ஆடினா உள்ளார இருக்கற கேண்டில் ஒடைஞ்சிடும்டா. கருப்பா, நீ பானெட் மேல குந்து."

"வுழுந்துட்டா சாயபு?"

"நீ வுழுந்தா எழுந்துக்குவ. அது வுழுந்தா எழுந்துக்குமா?"

கருப்பன் பானெட் மேல் ஏறினான். பில்ட்டர் கம்பளி போர்த்திக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தது.

கருப்பன் குனிந்தால்தான் மஜீதுக்கு ரோடு தெரியும்.

"அண்ணே, வளைவு வருது, குனி!"

"குனிஞ்சா சூடு தாங்கலப்பா!"

"டேய், பில்ட்டர் சாயுது பாரு!" இது பின் சீட்டிலிருந்து.

ஊர் வந்ததும் கருப்பன் இறங்கி, கை கால் எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான். "நடந்தே வந்திருப்பேன்" என்றான்.

மழைக்காலம். ஓடைத் தண்ணீர் டீ மாதிரி இருந்தது. கருப்பனின் மனைவி பச்சையம்மா ஒரு குடம் கொண்டுவந்து பில்ட்டரில் ஊற்றினாள். ஊரே சுற்றி நின்று அது சொட்டுவதை வேடிக்கை பார்த்தது. கடுக்காய் எடை போட்டு முடித்த பிறகுதான் ஒரு டம்ளர் தேறியது.

பளிங்கு மாதிரி தண்ணீர்.

முக்தார் ஒரு வாய் குடித்தார். த்தூ என்று துப்பினார்.

"இது ஒரு பில்ட்டரா? இத மறுபடி என் ஜீப்புல ஏத்தக்கூடாது. பச்சையம்மா, இங்கயே வெச்சுக்க."

மஜீத் பச்சையம்மாவிடம், "சும்மா வர்றதுதானே, வெச்சுக்கக்கா" என்றான்.

அவள் முகம் மாறிவிட்டது.

"சும்மாவா? போன மழைக்கு ஊர்ல வாந்திபேதி வந்தப்போ இவுரு அரிசி மூட்டை கொண்டாந்தாரு. சும்மாவா வாங்கிக்கினோம்? அதுக்குப் புளி ஏத்தி அனுப்பல? எடுத்துக்கினு போங்க."

"யாரும்மா உனக்குச் சும்மா குடுத்தது?" முக்தார் எரிந்து விழுந்தார். "மூட்டை ஏத்த எடம் பத்தல, அதனால ஒரு மூலையில போடுன்னு சொல்றேன். எனக்கு ஒரு ஒத்தாசை. முடியுமா, முடியாதா?"

"எடம் குடுக்கறேன். அவ்ளோதான்."

"தெனமும் தண்ணி ஊத்தி எறக்கணும். காஞ்சா கேண்டில் வெடிச்சிடும்."

"இது வேறயா! எறக்கின தண்ணிய இன்னா பண்றது?"

"குடி, கீழ கொட்டு. எனக்கு இன்னா!"

"ஓடையிலருந்து சொமந்தாந்து கொட்டறதா? நல்லா இருக்குது ஒங்க நியாயம்! பசங்களுக்கு ஊத்தித் தொலைக்கறேன், போங்க."

முணுமுணுத்துக்கொண்டே பில்ட்டரை வீட்டுக்குள் தூக்கிப் போனாள்.

கருப்பன் மஜீதின் காதைக் கடித்தான். "ஒங்க மொதலாளிக்குத் தலையில எங்கனா அடி பட்டுதா?"

இறங்கும் வழியில் ஒரு பாறை ஊற்று. முக்தார் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார்.

"மொதலாளி! பில்ட்டர் பண்ணாத தண்ணி!"

"தாகம் எடுக்குதுடா, பேசாம இரு."

மஜீத் ஜீப்பைக் கிளப்பினான். வேறு வேலை தேட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம், வாணியம்பாடியில் அவர் பில்ட்டர் வாங்கும் அப்துல் கய்யூம் கடை.

"இன்னா பில்ட்டர் குடுக்கற நீ? வாயில வைக்க முடியல!" முக்தார் தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

கய்யூம் தண்ணீரைத் தெளியவைக்கும் படிகாரத்தை எடுத்து வைத்தார். வேண்டாம் என்று தலையாட்டினார் முக்தார். கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர். அதுவும் வேண்டாம். பட்டாளத்துக்காரர்கள் தண்ணீரில் போடும் மாத்திரைச் சீசா ஒன்றும் வந்தது.

மஜீதுக்கு உயிர் வந்தது. "மொதலாளி, இது சட்டைப் பையில அடங்கிடும்! முன் சீட்டும் மிச்சம்!"

"தீர்ந்துபோனா மலைமேல எங்கடா போறது? பில்ட்டர்தான் வேணும். நீ போய் வண்டிய எடு."

மஜீத் வெளியே வந்தான். சீட்டில் கம்பளி விரிக்கலாமா என்று கேட்கத் திரும்பியவன், வாசலிலேயே நின்றுவிட்டான்.

உள்ளே கய்யூம் புது பில்ட்டர் ஒன்றைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கறதுலயே ஒசத்தி இதுதான் பாய். ஒரு குறை சொல்ல முடியாது."

முக்தார் குரலைத் தாழ்த்தினார்.

"குறை இல்லாட்டி அந்த மலைச் சனங்க கையால தொட மாட்டாங்க பாய். தண்ணி வடியறது கெடாம, வெளியில நாலு எடத்துல நசுக்கிக் குடு."