முத்திரை ஒட்டாத தாள்

கல்லூரிக்காரன் ஒரு வருடம் பிடித்து வைத்திருந்து கொடுத்த, என் மகளின் நர்ஸ் சான்றிதழ் அது. வாங்கிய கையோடு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுவிட்டேன். எலியையாவது நம்பலாம், மனுசனை நம்ப முடியாது.

நர்சிங் கவுன்சிலில் இருந்த அம்மாள் அதைத் திருப்பிப் பின்பக்கம் முத்திரை குத்தினாள். விரல் பட்டதும் மை விரலோடு வந்துவிட்டது.

“பதிவு நம்பர் பேப்பர்லதான் விழணும் பெரியவரே. யாரு இதுக்கு பிளாஸ்டிக் சட்டை போட்டது?”

“நான்தான். இல்லேன்னா உங்க ஆளுங்க எதையாவது மாத்திருவாங்க.”

“அப்ப வீட்டுல கொண்டுபோய் மாட்டிக்குங்க. பதிவு இல்லாம உங்க பொண்ணு ஊசியத் தொட முடியாது.”

கூட வந்திருந்த என் மகள் அருள்மலர் என்னைத் திட்டவில்லை. அந்த அம்மாளிடமே பிளேடு கேட்டு வாங்கினாள்.

“கிழிஞ்சா குத்த மாட்டேம்மா.”

“சரிங்க மேடம்.”

பெஞ்சில் தாளை வைத்துப் பின்பக்கத்து ஓரத்தைக் கீறினாள். பிளாஸ்டிக் தோல் மாதிரி உரிந்தது, தாளின் நாரையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு. மெலிந்துபோன இடத்தில் முன்பக்கத்து எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தது. அவள் பெயர். நான் குனிந்து தாளைப் பிடித்தேன்.

“கைய எடுங்கப்பா. தீக்காயக் கட்டு பிரிக்கிறப்ப சொந்தக்காரங்களை நாங்க பக்கத்துல விடமாட்டோம். வெளிய நில்லுங்க.”

அந்தக் காகிதத்தை அதுவரை நான் யார் கையிலும் தனியாக விட்டதில்லை. விட்டுவிட்டு வெளியே வந்தேன். கதவு மூடியிருக்கிறது. முத்திரை விழும் சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்கிறேன்.